பிறர் துணையில்லாமல் டோக்கன் போட முடிகிறதா? – வாசகர் கேள்வி பதில்

மருத்துவமனை இணையதளங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்துவது குறித்துக் கொங்குப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எனக்குப் பார்வை இல்லைங்க. செல்போன்ல டாக்பேக் (திரையில இருக்கறதைக் குரலாப் படிக்கிற வசதி) வெச்சுத்தான் எல்லாம் பார்க்கறேன். செய்தித் தளமெல்லாம் நல்லாத் தமிழ்ல படிக்குது. ஆஸ்பத்திரி தளத்துக்குப் போனா சில இடத்துல ‘கே, யூ, ஜே, செமிகோலன்’னு என்னமோ சொல்லுது. டாக்டர் வர்ற நேரம் போட்டிருக்கிற இடத்துல ‘இமேஜ்’னு மட்டும் சொல்லிட்டுத் தாண்டிப் போயிருது. கோளாறு என் போன்லயா, அவங்க தளத்துலயா?
– வாசகி, தாராபுரம்

கோளாறு உங்கள் போனில் இல்லைங்க. அந்தத் தளத்தில் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான். திரையில் மட்டும் அவை தமிழ் உருவத்தில் தெரியும். ‘மருத்துவமனை’ என்ற சொல் பாமினியில் கே, யூ, ஜே, செமிகோலன், ஜே என்றுதான் தொடங்குகிறது. டாக்பேக் போன்ற திரைவாசிப்பானுக்கு உருவம் தெரியாது. உள்ளே இருப்பதை அது படிக்கிறது. தளத்தில் உள்ள அத்தனை தமிழும், ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற வேண்டும். என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதைச் செய்யும். ஆனால் பக்கம் முழுவதையும் அப்படியே மாற்றியில் கொட்டினால், நடுவில் உண்மையான ஆங்கிலத்தில் இருக்கும் எம்ஆர்ஐ, ஈசிஜி போன்றவற்றையும் அது பாமினி என்று எண்ணித் தமிழ்க் குப்பையாக்கிவிடும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றி, மருந்துப் பெயர்களையும் துறைப் பெயர்களையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

எழுத்து யூனிகோடில் இருந்தாலும் உச்சரிப்பு தடுமாறினால், பக்கத்தின் மொழி சரியாக அறிவிக்கப்படவில்லை என்று பொருள். பக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியின் தொடக்க வரியில் ‘லாங்’ என்ற பண்பு இருக்கும். ஆங்கில வார்ப்புருவை வாங்கித் தமிழை நிரப்புகிறவர்கள் அதில் ஆங்கிலக் குறியீட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்துத் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலைக் கூப்பிடுகிறது. தமிழ்ப் பக்கத்துக்கு ‘டிஏ’ என்ற குறியீடு வேண்டும். ஆங்கிலப் பக்கத்துக்கு நடுவே தமிழ்ப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் தனியாகக் கொடுக்கலாம். ஒரே வரி வேலை இது. இதைச் செய்யாமல் வைத்திருப்பதற்குக் காரணமே இல்லை.

இரண்டாவது பிழை, படம். மருத்துவர் வருகை நேரம், முகாம் அறிவிப்பு, காப்பீட்டு விவரம் எல்லாவற்றையும் போஸ்டராக வடிவமைத்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அச்சகத்துக்குக் கொடுத்த கோப்பு கையில் இருக்கிறது, அதனால்தான். படத்தில் என்ன இருக்கிறது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் மாற்று உரை இல்லையென்றால் ‘இமேஜ்’ என்றோ கோப்பின் பெயரையோதான் போன் சொல்லும். நீண்ட போஸ்டர் முழுவதையும் மாற்று உரைக்குள் திணிப்பதும் சரியல்ல. அதில் வரிவரியாக நின்று கேட்க முடியாது, தொலைபேசி எண்ணை நகலெடுக்கவும் முடியாது. போஸ்டருக்குக் கீழே அதே விவரத்தைச் சாதாரண எழுத்தாகப் போட வேண்டும். முகாம் எதற்கு, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடம், என்ன கொண்டுவர வேண்டும், எந்த எண் – இவ்வளவுதான். படத்தின் மாற்று உரையில் ‘கண் பரிசோதனை முகாம் அறிவிப்பு, விவரம் கீழே’ என்று இருந்தால் போதும். மருத்துவரின் படத்துக்கு அவர் பெயரும் துறையும் வேண்டும். பூங்கொத்து, இதய வடிவம் போன்ற அலங்காரப் படங்களுக்கு மாற்று உரையைக் காலியாக விட வேண்டும். அந்தப் பண்பையே எழுதாமல் விடக் கூடாது. இரண்டும் வேறு. காலியாக விட்டால் திரைவாசிப்பான் தாண்டிப் போகும், எழுதாமலே விட்டால் ‘இமேஜ்’ என்றோ கோப்பின் பெயரையோ சொல்லிவிடும்.

அவர்கள் திருத்தும் வரை, படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து கூகுள் லென்ஸில் கொடுத்தால் எழுத்துகள் பிரிந்து வரும். ஆனால் நேரத்தையும் எண்களையும் அதை நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஒரு இலக்கம் மாறினாலும் அலைச்சல் உங்களுக்குத்தான்.

எங்களுது 40 படுக்கை மருத்துவமனைங்க. தளத்தை முழுசா மாத்த இப்போ வசதிப்படாது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?
– நிர்வாகி, ஈரோடு

முகப்புப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். நோயாளி உங்கள் தளத்துக்கு வருவது ஐந்தாறு காரியங்களுக்காகத்தான்: எந்த மருத்துவர் எப்போது இருக்கிறார் என்று பார்க்க, டோக்கன் போட, ரிப்போர்ட் எடுக்க, அவசர எண்ணைத் தேட, வழி தெரிந்துகொள்ள, காப்பீடு செல்லுமா என்று அறிய. இந்த ஆறையும் ஒருவர் யாரிடமும் கேட்காமல் முடிக்க முடிகிறதா என்பதே அளவுகோல். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ‘எனக்கு இந்த டாக்டர்கிட்ட டோக்கன் போட்டுக் கொடுங்க’ என்று சொல்ல வேண்டிய நிலை வந்தால், அவருடைய நோய் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. மனநலம், மகப்பேறு, பால்வினை நோய் எதுவானாலும் அந்த அந்தரங்கம் அவருக்கே உரியது.

சுட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் அழுத்தி டோக்கன் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு கட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லையா? அழகு கெடுகிறதென்று வடிவமைப்பாளர் அந்தக் கட்டத்தின் கோட்டைப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் நீக்கியிருக்கிறார். திரும்பப் போடச் சொல்லுங்கள். ‘டோக்கன் பதிவு’ பொத்தானில் டேப் நிற்காமலே தாண்டினால், அது உண்மையான பொத்தான் இல்லை, கிளிக் மட்டும் ஒட்டப்பட்ட வெறும் கட்டம். அதையும் மாற்ற வேண்டும்.

பிறகு உலாவியில் 400 சதவீதம் பெரிதாக்குங்கள். பக்கம் ஒரே பத்தியாக ஒழுங்காக இறங்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருந்தால், குறைந்த பார்வை உள்ளவர் இரண்டாவது வரியிலேயே விட்டுவிடுவார். தமிழில் இன்னொரு சங்கடம் உண்டு. பெட்டியின் உயரத்தைப் பிக்சலில் கட்டிவைத்திருந்தால், பெரிதாக்கும்போது ‘கூ’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழிகள் வெட்டுப்படும். உயரத்தைக் கட்டாமல் விட்டு, வரி உயரத்தை 1.6 அளவில் வைத்தால் தீர்ந்துவிடும். போனில் விரல்களால் விரித்துப் பெரிதாக்க முடியவில்லையென்றால், போன் திரையில் பக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் வியூபோர்ட் வரியில் யாரோ பெரிதாக்குவதைத் தடுத்து வைத்திருக்கிறார். அந்தத் தடையை எடுத்துவிட வேண்டும்.

நிறத்தையும் பாருங்கள். மருத்துவமனைகளுக்கு வெளிர்ப் பச்சையும் மென்சாம்பலும் பிடித்துப் போயிருக்கின்றன. டபிள்யூகேக் என்ற சர்வதேச வழிகாட்டு நெறி சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாட்டையும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்பதையும் கேட்கிறது. வெள்ளையின் மேல் 999999 என்ற சாம்பல் 2.85 மட்டுமே தருகிறது. 767676 என்று இருட்டாக்கினால் 4.54 வருகிறது.

டோக்கன் பதிவுப் படிவம் வடிவமைக்கிறேன். நாள்காட்டி, கேப்சா, ஓடிபி மூணும் வேணும்னு மருத்துவமனையில கேட்கிறாங்க. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தற மாதிரி எப்படிச் செய்யறதுங்க?
– இணையதள வடிவமைப்பாளர், திருப்பூர்

நல்ல இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் தோற்றுத் திரும்புவது இந்தப் படிவத்தில்தான்.

பெயர்ச்சீட்டுகளை (லேபிள்) முதலில் சரிசெய்யுங்கள். ‘நோயாளி பெயர்’ என்பதைப் பெட்டிக்குள் மங்கலாக எழுதிவிட்டு லேபிள் வைக்காமல் விடுவது எங்கும் காணும் பிழை. தட்டச்சு தொடங்கியதும் அது மறைந்துவிடும். நினைவுத்திறன் குறைந்தவர் எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்று திணறுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே லேபிள் போட்டு, அதைப் பெட்டியின் ஐடியோடு இணையுங்கள். லேபிளைத் தொட்டாலே பெட்டிக்குள் கர்சர் போக வேண்டும். அப்படிப் போனால் இணைப்பு சரி.

பிறந்த தேதிக்கு நாள்காட்டி வேண்டவே வேண்டாம். 1948-இல் பிறந்தவரை மாதம் மாதமாகப் பின்னோக்கி அழுத்த வைப்பது கொடுமை. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டிகள் போதும். வருகை நாளுக்கும் ஆடம்பர நாள்காட்டி தேவையில்லை. மருத்துவர் இருக்கும் நாட்களை மட்டும் ‘திங்கள், காலை 10.15’ என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் ரேடியோ பொத்தான் வரிசையாகக் கொடுங்கள். பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் நிரம்பியது என்று நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நிரம்பியதில் ‘நிரம்பியது’ என்ற சொல்லே இருக்கட்டும்.

மனிதரா தானியங்கியா என்று சோதிக்கும் கேப்சாவைக் கூடியவரை தவிருங்கள். வளைந்த எழுத்தைப் பார்வையற்றவர் படிக்க முடியாது. ஒலிக் கேப்சா கொடுத்தாலும் பார்வையும் செவியும் இரண்டும் குறைந்தவருக்குப் பயனில்லை. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை பதிவு என்று சர்வரில் வரம்பு வைப்பது, மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிப்பெட்டி வைத்து அதை நிரப்பும் தானியங்கிகளைத் தள்ளுவது, பிறகு ஓடிபி – ஒரு மருத்துவமனைத் தளத்துக்கு இது போதும். பொறிப்பெட்டியைத் திரைவாசிப்பானிலிருந்தும் டேப் வரிசையிலிருந்தும் மறைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பார்வையற்றவர் அதை நேர்மையாக நிரப்பி, தானியங்கி என்று தள்ளப்படுவார்.

ஓடிபிக்கு ஆறு குட்டிப் பெட்டிகள் போடாமல் ஒரே பெட்டி போடுங்கள். ஆட்டோகம்ப்ளீட் பண்பில் ஒருமுறைக் குறியீடு என்பதைக் குறித்தால் போனே எடுத்து நிரப்பித் தரும். ஒட்டுவதைத் தடுக்காதீர்கள். நேர வரம்பு இருந்தால், முடியும் முன் எச்சரித்து, ஒரே அழுத்தத்தில் நீட்டிக்க குறைந்தது 20 விநாடி தர வேண்டும் என்பது டபிள்யூகேக் நெறி. டாக்பேக்கில் குறுஞ்செய்தியைத் திறந்து, கேட்டு, திரும்பி வர 30 விநாடி எந்த வகையிலும் போதாது.

பிழைச் செய்தியில் கவனம் தேவை. ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் மேலே ஓரிடத்தில் போட்டால், கீழே நிற்கும் திரைவாசிப்பானுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. அதைப் பயன்படுத்துபவர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பார். ‘கைபேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும், 9 தான் உள்ளது’ என்று அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே எழுதி, கர்சரையும் அங்கேயே கொண்டுபோங்கள். நிரப்பிய மற்ற விவரங்கள் அழியக் கூடாது. பதிவு முடிந்ததும் டோக்கன் எண் வரும் இடத்தை, மாற்றத்தைத் திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும் ஏரியா-லைவ் (aria-live) பகுதியாக்கினால் போன் தானாகச் சொல்லும்.

உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்புங்கள். யூனிகோடு குறுஞ்செய்தியில் ஒரு பகுதிக்கு 70 குறியீடுகள்தான், ஆங்கிலத்தில் 160. தமிழின் புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் வாழ்த்துரையை வெட்டிவிட்டு டோக்கன் எண், மருத்துவர், நாள், நேரம் மட்டும் வையுங்கள். நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளைப் பதிவுசெய்யும் டிஎல்டி தளத்தில் வார்ப்புருவைப் பதியும்போது யூனிகோடு என்று குறிப்பிட வேண்டும்.

எம் பையனுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. வயசு 24. எந்த ஆஸ்பத்திரி தளத்தைப் பார்த்தாலும் ‘முன்பதிவுக்கு அழைக்கவும்’னு ஒரு நம்பர்தான் இருக்குது. எல்லாத்துக்கும் நானே போன் பண்ண வேண்டியிருக்குதுங்க.
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

24 வயது இளைஞர் தன் உடம்பைப் பற்றித் தாய் வழியாகவே பேச வேண்டியிருப்பது அந்த மருத்துவமனைகளின் குறைங்க, உங்கள் மகனுடையதல்ல. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வாட்ஸ்அப் எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். அவற்றைப் பார்த்துப் பதில் எழுத ஒருவர் பணியில் இருக்க வேண்டும். ‘நாங்கள் அழைக்கிறோம்’ என்று பதில் வந்தால் எல்லாம் வீண். படிவத்தில் ‘உங்களை எப்படித் தொடர்பு கொள்ளலாம்?’ என்ற கேள்வி ஒன்று வைத்து, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மின்னஞ்சல், அழைப்பு என்று தேர்வு தர வேண்டும். அந்தத் தேர்வு ஓபி மேசை வரை போக வேண்டும், ஏனெனில் அங்கே டோக்கனைக் குரல் கொடுத்துத்தான் கூப்பிடுகிறார்கள். கேட்காதவர் உட்கார்ந்தே இருப்பார், முறை போய்விடும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் முன்கூட்டியே கேட்க ஒரு தேர்வுக்கட்டமும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற குறிப்பும் வேண்டும். தளத்திலுள்ள காணொளிகளுக்குத் தமிழ் வசன வரிகள் தேவை. தானாக உருவாகும் வரிகளைத் திருத்தாமல் விடக் கூடாது, மருந்தின் பெயரும் அளவும்தான் அதில் முதலில் தவறும். சிறு வயதிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. ‘வெறும் வயிற்றில் வாருங்கள். தண்ணீர் குடிக்கலாம்.’ என்ற மாதிரிச் சிறு வாக்கியங்கள் அவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சேர்த்தே உதவும்.

எங்க லேப்ல ரிப்போர்ட்டை பிடிஎஃப்பா தளத்துல போடறோம். பார்வையில்லாத ஒருத்தர் ‘ஒண்ணுமே படிக்கல’ன்னு சொன்னாரு. எங்களுக்கு நல்லாத்தானே திறக்குது?
– ஆய்வக உரிமையாளர், பொள்ளாச்சி

கையெழுத்துக்காக அச்சிட்டு, ஸ்கேன் செய்து ஏற்றினால் அது படம்தான். அதில் எழுத்தே இல்லை. மென்பொருளிலிருந்து நேரடியாக வரும் பிடிஎஃப்பிலும், ‘டேக்’ என்னும் கட்டமைப்புக் குறிகள் இல்லையென்றால் பரிசோதனைப் பெயரெல்லாம் ஒரு மூச்சாகவும், அளவெல்லாம் இன்னொரு மூச்சாகவும் படிக்கும். எந்த எண் சர்க்கரைக்கு, எந்த எண் உப்புக்கு என்று தெரியாது. பிரிண்ட் கட்டளை வழியாக பிடிஎஃப் ஆக்கினால் இந்தக் குறிகள் பெரும்பாலும் தொலைந்துபோகும். சேமிப்புக் கட்டளையில் அணுகல்தன்மைக் குறிகளைச் சேர்க்கும் தேர்வு இருக்கும். நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு திரைவாசிப்பானையும் சேர்த்துத் தடுத்துவிடலாம். அதே இடத்தில் திரைவாசிப்பானுக்கு அனுமதி தரும் கட்டமும் உண்டு.

இவற்றையெல்லாம் விட, ரிப்போர்ட்டை ஹெச்டிஎம்எல் அட்டவணையாகவும் காட்டுவதே மேல் என்பது எங்கள் கருத்து. பரிசோதனை, உங்கள் அளவு, அலகு, இயல்பளவு, நிலை என்று ஐந்து தலைப்புகள். மிகுந்த அளவைச் சிவப்பில் மட்டும் காட்டாமல் ‘நிலை’ பத்தியில் ‘அதிகம்’, ‘குறைவு’ என்று எழுதுங்கள். ‘0.5-க்குக் கீழ்’ என்பதைக் கோணக்குறியால் எழுதினால் சில திரைவாசிப்பான் அமைப்புகள் குறியை விட்டுவிட்டு 0.5 என்று மட்டும் படிக்கும். கண்ணாடி பவரில் சாதாரண இணைப்புக்கோட்டைக் கழித்தல் குறியாகப் போட்டாலும் இதே ஆபத்துதான், மைனஸ் 2.50 வெறும் 2.50 ஆகிவிடும். கோப்புக்குப் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தால், எந்த வரிசையில் எத்தனை இலக்கம் என்று தளத்தில் எழுதிவையுங்கள்.

ஒரே ஒரு வரி நிரல் சேர்த்தால் தளம் முழுக்க மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாகிவிடும் என்று ஒரு நிறுவனம் ஆண்டுச் சந்தா கேட்கிறது. வாங்கலாமா?
– மருத்துவமனை கணக்கர், நாமக்கல்

வேண்டாம். அந்த நிரலைச் சேர்த்தால் மூலையில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு வரும் பட்டை எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். அதெல்லாம் நோயாளியின் போனிலேயே இருக்கிறது. லேபிள் இல்லாத பெட்டிக்குச் சரியான லேபிளை அதனால் ஊகிக்க முடியாது, பாமினியை யூனிகோடாக்கவும் முடியாது. சில சமயம் அவரது திரைவாசிப்பானோடு மோதவும் செய்யும். இப்படித் தானியங்கியாகவே தளத்தை விதிகளுக்கு ஏற்றதாக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்தச் சந்தாப் பணத்தில் உங்கள் வடிவமைப்பாளருக்கு வேலை கொடுங்கள். திருத்திய பிறகு பார்வையற்ற ஒருவரையும், கை அசைவு குறைந்த ஒருவரையும் கூலி கொடுத்து அழைத்து, டோக்கன் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தளத்தைத் தானாகச் சோதித்து மதிப்பெண் தரும் லைட்ஹவுஸ் போன்ற கருவியில் நூற்றுக்கு நூறு வாங்கிய தளமும் அங்கே தடுமாறலாம், ஏனெனில் கருவி மாற்று உரை இருக்கிறதா என்று பார்க்கும், அது பொருத்தமா என்று பார்க்காது.

அப்பிச்சிக்குக் கை நடுக்கம். போன்ல ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு திறக்குது.
– கல்லூரி மாணவர், பவானி

பொத்தான்கள் சிறியதாகவும் நெருக்கமாகவும் இருப்பதுதான் காரணம். டபிள்யூகேக் நெறி கேட்பது குறைந்தபட்சம் 24-க்கு 24 பிக்சல். நடுக்கம் உள்ளவர்களுக்கு 44-க்கு 44 வைத்து, இடையில் வெற்றிடமும் விட்டால்தான் நிம்மதி. தானாக நகரும் படவரிசை இன்னொரு தொல்லை. தொடப் போகும் நேரத்தில் படம் மாறி வேறு இணைப்பு திறந்துவிடும். 5 விநாடிக்கு மேல் தானாக ஓடும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் இருக்க வேண்டும். படவரிசையையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. இப்போதைக்கு அப்பிச்சியின் ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் ‘தொட்டுப் பிடிக்கும் நேரம்’ என்பதை நீளமாக வையுங்கள். தெரியாமல் அழுத்திப் பிடிப்பதால் வரும் தொல்லை குறையும்.

சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் படிக்கட்டு மட்டுமே இருக்கிறது என்று தெரிகிறது. இதைத் தளத்தில் போடக் கூடாதா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

போட வேண்டும், தனிப் பக்கமாகவே. ‘சாய்தளம் உண்டு’ என்ற இரண்டு சொல் போதாது. எந்த வாசலில், என்ன சரிவில் என்று வேண்டும். 1-க்கு 12 என்பது பொதுவான அளவு. 45 செ.மீ. உயரப் படிக்கட்டுக்கு 540 செ.மீ. நீளச் சாய்தளம் தேவைப்படும். அதில் பாதி நீளத்தில் கட்டியிருந்தால் தனியாக ஏற முடியாது என்று நீங்களே வீட்டிலிருந்து முடிவு செய்துகொள்ளலாம். கதவின் திறப்பு அகலம், லிஃப்டின் உள்ளளவு, சக்கர நாற்காலி நுழையும் கழிவறை கட்டடத்தின் எந்தத் தளத்தில், படுத்துப் பரிசோதிக்கும் கட்டில் இறங்குமா, கார் நிற்கும் இடத்திலிருந்து ஓபி வரை எத்தனை மீட்டர், வாசலில் உதவியாளர் எந்த நேரம் வரை இருப்பார் – இவற்றோடு சாய்தளத்தின் படம் ஒன்றும் வேண்டும். ஸ்கேன் அறை மாடியில் இருந்து லிஃப்ட் பழுதானால், அன்றே தளத்தில் அறிவிக்க வேண்டும்.

கூகுள் வரைபடத்தை ஒட்டிவிட்டால் வழி சொன்னதாகாது. ‘காந்திபுரத்திலிருந்து வரும் டவுன் பஸ் நிற்கும் நிறுத்தம் மருத்துவமனைக்கு எதிர்ப்புறம், சாலையைக் கடக்க வேண்டும், சிக்னல் உண்டு’ என்ற அளவுக்கு எழுத்தில் வேண்டும். பார்வையற்றவருக்கும் அது உதவும்.

இதையெல்லாம் செய்யச் சொல்லி நாம் கேட்க முடியுமா? தனியார் மருத்துவமனைக்கு இது பொருந்துமா?
– வாசகர், கரூர்

பொருந்தும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 46ஆம் பிரிவு அரசு, தனியார் என்ற இரு வகைச் சேவை வழங்குவோரையும் குறிப்பிட்டு, விதிகள் வந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது. விதிகள் 2017-இல் வந்துவிட்டன. தொழில்நுட்ப அளவுகோலாக ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு இடம் தருகிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது.

முதலில் மருத்துவமனை நிர்வாகத்துக்கே எழுதுங்கள். பலருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை, சொன்னால் திருத்துகிறார்கள். ‘தளம் சரியில்லை’ என்று எழுதினால் வடிவமைப்பாளருக்கு ஒன்றும் புரியாது. பக்கத்தின் முகவரி, என்ன போன், என்ன திரைவாசிப்பான், எதைச் செய்ய முயன்றீர்கள், எந்த இடத்தில் நின்றது, அப்போது போன் என்ன சொன்னது, நாளும் நேரமும் – இவ்வளவையும் எழுதி, முடிந்தால் திரைப்பதிவையும் இணையுங்கள். பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு அனுப்பலாம். மனு எழுத உதவி வேண்டுமென்றால் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைக் கேளுங்கள். போகும்போது அடையாள அட்டையின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.